பூனை வரிசையில் ஓர் இடைவெளி

அத்தியாயம் 5

“கண்ண இறுக்கி மூடிக்குங்க. புருவத்தோட சேர்ந்து இமையும் போச்சுன்னா நான் பொறுப்பில்ல.”

ஜெதோர் கத்தியைக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்தான். பெர்-பாஸ்த் ஊரில், பூனை முக அம்மன் கோயில் மதிலோரம், அத்திமரத்தடியில், நெசவுத் தெருவே வரிசையாக நின்றது. ஆண், பெண், இடுப்பில் இருக்கிற குழந்தை என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் துக்கத்துக்குப் புருவம் எடுக்க வேண்டும். தெருவில் எல்லா வீட்டிலும் தின்று எல்லா வீட்டிலும் தூங்கின மியூ என்ற பூனை செத்துப்போயிருந்தது.

“நாய் செத்திருந்தா உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் மழிக்கணும். பூனைங்கிறதால புருவத்தோட தப்பிச்சீங்க. அடுத்து யாரு?”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் தெரிந்திருக்காது. புருவம் போன முகத்தில் துக்கமும் தெரியாது, கோபமும் தெரியாது. கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கும்.

“வியாபாரம் சூடா நடக்குது போல,” என்றபடி ஷெபென் வந்தாள்.

“வாங்கக்கா. உங்களுக்கு மட்டும் என்னவாம்? ஊர்ல ஏதாவது செத்தாத்தான் நம்ம ரெண்டு பேர் வீட்லயும் ரொட்டி.”

ஷெபென் கூலிக்கு அழுகிறவள். நாற்பது வயது, உயரம், எலும்பு. இழவு வீடுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, யார் அழுகிறார்கள், யார் அழுவது போல் இருக்கிறார்கள், யார் அழாமல் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க அவளுக்குப் பழகிவிட்டது. அதனால் ஊரில் நகை காணாமல் போனாலும், ஆள் காணாமல் போனாலும் அவளைக் கூப்பிட்டு விடுவார்கள். கூடவே ஜெதோரும் போவான். முடி வெட்டிக்கொள்ளும்போது யாரும் வாயை மூடுவதில்லை என்பதால் ஊர்க்கதை முழுக்க அவன் காதில் இருந்தது.

“எந்திரி. கத்திய உன் தம்பிகிட்டக் குடு. நெஸ்மின் சாமி கூப்பிடுறார்.”

“பூனைக்கு அழத்தான உங்களக் கூப்பிட்டாங்க? நான் எதுக்கு?”

“அழறதுக்கு முன்னாடி வேற வேலை இருக்காம்.”

கோயில் வாசலில் வருகிற வழக்குகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவர் நெஸ்மின். அவர் வாசல் மண்டபத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். வெளியே வெயிலில் கூட்டம் இருந்தது. ஆளுக்கு ஒரு கல் வைத்திருந்தார்கள். சிலர் கல்லைக் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து வெங்காயம் தின்றுகொண்டிருந்தார்கள்.

“அன்கோர் வீடு பத்தி எரிஞ்சது தெரியும்ல?” என்றார் நெஸ்மின்.

“தெரியும் சாமி. அவன் பொண்டாட்டி உள்ள மாட்டிக்கிட்டா.”

“ஆமா. அது வேற. நான் கேட்கிறது பூனையப் பத்தி.”

ஷெபென் வெளியே கூட்டத்தின் கற்களைப் பார்த்தாள்.

“தீ பிடிச்சதும் தெருவே கை கோத்து வரிசை கட்டியிருக்கு, வழக்கம்போல. பூனை ஒண்ணும் நெருப்புல பாஞ்சிடக் கூடாதுன்னு வீட்டச் சுத்தி நின்னிருக்காங்க. அப்படியும் மியூ உள்ள போயிடுச்சு. மறுநாள் காலையில சாம்பல்ல கிடந்துச்சு. வரிசையில ஒரு இடத்துல கை விட்டுப்போயிருந்தத நாலு பேர் பாத்திருக்காங்க. அன்கோர் நின்ன இடம். அவன் வலது கை சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சாம்.”

“அவன் என்ன சொல்றான்?”

“ஆமாங்கிறான். கேட்ட உடனே ஆமாங்கிறான்.” நெஸ்மின் குரலைத் தாழ்த்தினார். “முப்பது வருஷமா இந்த வாசல்ல உக்காந்திருக்கேன். பூனை விஷயத்துல கேட்ட உடனே ஆமான்னு சொன்னவன நான் பாத்ததில்ல. தெரிஞ்சு விட்டாலும் சாவுதான், தெரியாம விட்டாலும் சாவுதான். யாரு ஆமாங்குவான்?”

“வாழப் பிடிக்காதவன்,” என்றான் ஜெதோர்.

“அதான் எனக்கும் பயம். தப்பான ஆளத் தூக்கி வெளியில குடுத்துட்டு, அப்புறம் நான்தான அம்மா முன்னாடி விளக்கேத்தணும்? உச்சிப் பூசைக்கு முன்னாடி ஒரு பேரச் சொல்லியாகணும். அதுக்கு மேல இந்தக் கூட்டத்தப் பிடிச்சு வைக்க முடியாது. போய் விசாரி.”

அன்கோரைத் தானியக் கிடங்கில் வைத்திருந்தார்கள். கட்டிக்கூடப் போடவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. அவன் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் புருவம் எடுத்திருந்தார்கள். பக்கத்தில் ரொட்டியும் ஒரு குவளை பீரும் தொடாமல் இருந்தன.

“நான் ஷெபென். அழறவ.”

“தெரியும்க்கா. எங்கப்பாவுக்கு அழுதீங்க.”

“நீ கைய விட்டியா?”

“விட்டேன்.”

“எதுக்கு விட்ட?”

“தெரியல.”

“பூனை போனதப் பாத்தியா?”

“இல்ல.”

“அப்ப எப்படி உன்னாலதான்னு சொல்ற?”

“எல்லாரும் சொல்றாங்க. என் கைதான் சும்மா இருந்துச்சாம்.”

ஜெதோர் குனிந்து ரொட்டியை அவன் பக்கம் தள்ளினான். “சாப்பிடுய்யா. சாகப்போறவனுக்குக் கோயில்ல எள் போட்ட ரொட்டி தர்றாங்க. எனக்கு வேலை செஞ்சாக்கூட வெறும் ரொட்டிதான்.”

அன்கோர் ரொட்டியை எடுத்தான், பார்த்தான், வைத்த இடத்திலேயே வைத்தான்.

“அன்னிக்கு என்ன நடந்துச்சு? முதல்லேருந்து சொல்லு,” என்றாள் ஷெபென்.

“சந்தையில இருந்தேன். புகை தெரிஞ்சுது. ஓடி வந்தேன். அதுக்குள்ள வரிசை கட்டிட்டாங்க. யாரோ என் கையப் பிடிச்சு உள்ள நிறுத்தினாங்க. என் பொண்டாட்டி ரென்பெத் எங்கன்னு கேட்டேன். துணி துவைக்க வாய்க்காலுக்குப் போயிட்டா, துணிக்கூடையோட போனதப் பாத்தோம்னு சொன்னாங்க. சரின்னு நின்னேன்.”

“வாய்க்காலுக்குப் போகலையா?”

“போயிட்டு வந்துட்டாளாம். யாரும் கவனிக்கல.”

அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வேறு யார் வீட்டுச் செய்தியையோ சொல்வது போலச் சொன்னான்.

“இந்தத் திருவிழாவுக்கு அம்மாகிட்டப் போகணும்னு இருந்தா. குழந்தை வேணும்னு வேண்டுதல். நெருக்கத்துல கிடைக்காதுன்னு காணிக்கைகூட முன்னாடியே வாங்கி மாடத்துல வச்சிட்டா. வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவா.”

“என்ன காணிக்கை?”

“எல்லாரும் வைக்கிறதுதான்.” பிறகு அவனாகவே கேட்டான். “அக்கா, அவள எடுத்துட்டாங்களா?”

“இன்னும் இல்ல. பூனை விஷயம் முடியிற வரைக்கும் சாம்பல்ல யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு காவல் போட்டிருக்காங்க.”

“சரி,” என்றான் அன்கோர்.

வெளியே வந்ததும் ஜெதோர் மூக்கை உறிஞ்சினான். “புளிச்ச பீரக் கொண்டு வந்து வச்சிருக்காங்க. அதான் குடிக்கல.”

“ஜெதோர்.”

“என்னக்கா?”

“அவன் வலது பக்கம் நின்னவன் யாரு?”

“பானை செய்யிறானே ஹர்சிஸ், அவன்தான். காலையில புருவம் எடுக்கும்போது ஒரு வார்த்தை பேசல. பேசாம எங்கிட்ட மழிச்சிக்கிட்ட முதல் ஆள் அவன்தான்.”

ஹர்சிஸ் தன் முற்றத்தில் களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தான். அவன் முற்றத்துக்கும் அன்கோர் வீடு இருந்த இடத்துக்கும் நடுவில் ஓர் ஆடு படுக்கிற அளவு சந்துதான். சந்துக்கு அந்தப் பக்கம் சாம்பல் மேடு. மேட்டின் ஓரத்தில் ஒரு காவல்காரன் ஈட்டியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“உக்காருங்க. தண்ணி தரவா?”

“வேண்டாம். அன்கோர் எப்பக் கைய விட்டான்?”

“அது... கூரை இறங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

“அவ்வளவு சரியா எப்படிச் சொல்ற?”

“கூரை இறங்கினத மறக்க முடியுமாக்கா? கிழக்கு மூலைதான் முதல்ல தொங்குச்சு. அப்புறம் நடுவுல பனங்கட்டை ஒடிஞ்சு, மேல பூசின மண்ணெல்லாம் உள்ள சரிஞ்சு, கறுப்பா வந்துட்டிருந்த புகை வெள்ளையாயிடுச்சு. ஒரு நிமிஷந்தான்.”

“நல்லாப் பாத்திருக்கீங்க,” என்றான் ஜெதோர். “நானா இருந்தா கண்ண மூடிக்கிட்டு ஓடியிருப்பேன்.”

“பக்கத்துலதான நின்னேன்.”

ஷெபென் எழுந்து சந்துக்குள் போனாள். சாம்பலில் படாமல் ஓரமாக நின்றாள்.

“ஹர்சிஸ், கொஞ்சம் இப்படி வா. அன்னிக்கு நின்ன மாதிரியே நில்லு. ஜெதோர், நீதான் அன்கோர். அவன் கையப் பிடிச்சுக்க.”

“களிமண்ணுக் கையா இருக்குக்கா.”

“பிடி.”

ஹர்சிஸ் வந்து நின்றான். காலை அகட்டி வைத்தான், இடது கையால் ஜெதோரின் கையைப் பிடித்தான், வாய்க்கால் பக்கம் பார்த்தான். எல்லோரும் சின்ன வயதிலிருந்தே கற்றுக்கொள்கிற நிற்பு அது. பூனை வெளியிலிருந்துதான் வரும். அதனால் வரிசையில் நிற்கிறவன் வெளியே பார்ப்பான். நெருப்பு முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

“வாய்க்கால் தெரியுதா?” என்று கேட்டாள் ஷெபென்.

“தெரியுது.”

“கிழக்கு மூலை தெரியுதா?”

ஹர்சிஸ் தலையைப் பின்னால் திருப்பப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“அன்னிக்கு வரிசையில நின்ன நிறையப் பேர நான் புருவம் எடுக்கும்போது கேட்டேன்,” என்றான் ஜெதோர் மெதுவாக. “முதுகு சுட்டுச்சுன்னாங்க. தடால்னு சத்தம் கேட்டுச்சுன்னாங்க. கூரை எப்படி விழுந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல. உங்களுக்குப் புகையோட நிறம்கூடத் தெரியுதே.”

ஹர்சிஸ் ஜெதோரின் கையை விட்டான். அப்படியே சந்துச் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தான்.

“நான்தான் விட்டேன்.”

“எதுக்கு?”

“உள்ளேருந்து சத்தம் கேட்டுச்சுக்கா. பூனைன்னு நினைச்சேன். பூனை இல்ல. அவ கூப்பிட்டா. திரும்பிட்டேன். கைய விட்டுட்டு வாசப்படி வரைக்கும் போயிட்டேன். அப்பத்தான் கூரை இறங்குச்சு. திரும்பி வந்து நின்னுட்டேன். எனக்கு வலப்பக்கம் சந்துச் சுவர்தான், ஆள் கிடையாது. யாரும் என்னப் பாக்கல. எல்லாரும் அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தாங்க. அவன் கையத் திரும்பப் பிடிக்க எனக்குத் தைரியம் வரல.”

“அதனால அவன் கை சும்மா தொங்குச்சு.”

“ஆமா.”

“மறுநாள் பூனை கிடைச்சதும் பழி அவன் மேல போச்சு. நீ பேசாம இருந்துட்ட.”

“எனக்கு நாலு குழந்தைங்கக்கா.” இதைச் சொல்லும்போது ஹர்சிஸின் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. “சொல்லிடுவீங்களா?”

ஷெபென் அவனையே பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

தெருமுனை வரைக்கும் ஜெதோர் வாயைத் திறக்கவில்லை. அதுவே அதிசயம். முனை திரும்பியதும் நின்றான்.

“அக்கா, நம்ம ஊர்ல ஒரு பொம்பள உள்ள எரிஞ்சிருக்கா. அம்பது பேர் முதுகக் காட்டிக்கிட்டு நின்னிருக்காங்க. திரும்பிப் பாத்தவன் ஒரே ஒருத்தன். இப்ப அவன் பேரத்தான் நாம போய்ச் சொல்லப்போறோமா?”

“சொல்லலன்னா அன்கோர்.”

“சொன்னா இவன். கல்லு ஒண்ணுதான், தலைதான் வேற. இதுக்கு எதுக்கு நம்மளக் கூப்பிட்டாங்க? சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாமே!”

“பூனையப் பாக்கணும்.”

“பூனையப் பாத்து என்ன கேக்கப்போறீங்க? யார் கையக் கடந்து போனேன்னா?”

“மியூவ யாராவது பாத்தாங்களா? உள்ள பாஞ்சத?”

ஜெதோர் யோசித்தான். “யாரும் பாக்கல. சாம்பல்ல கிடந்துச்சு. அதனால பாஞ்சிருக்குன்னு...”

“சாம்பல்ல கிடந்ததப் பாத்தது யாரு?”

“காவல்காரன். ஈட்டியால கிளறியிருக்கான். காதும் மூஞ்சியுமா ஏதோ தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான், பத்தடி பின்னாடி குதிச்சு நின்னு, ‘நான் பாக்கும்போதே செத்துக் கிடந்துச்சு, நான் பாக்கும்போதே செத்துக் கிடந்துச்சு’ன்னு கத்தியிருக்கான். எல்லாரும் கத்துறதுதான? நானும் ஒரு தடவ கத்தியிருக்கேன். கிட்டப் போனா நீதான் கொன்னேம்பாங்க.”

“அப்புறம்?”

“கோயில் கொட்டகை ஆளுங்க வந்து முகத்தத் திருப்பிக்கிட்டே மேல துணியப் போட்டுச் சுருட்டி எடுத்துட்டுப் போனாங்க.”

“அப்ப மியூவ யாருமே பாக்கல.”

செத்த பூனைகளைக் கெடாமல் பாடம் செய்து துணி சுற்றுகிற கொட்டகை கோயிலின் பின்புறம் இருந்தது. உப்பும் பிசினும் கலந்த வாடை தூரத்திலேயே அடித்தது. உள்ளே ஒரு மேடையில், புதுத் துணியில் சுற்றிய சின்ன மூட்டை இருந்தது. அதைச் சுற்றி அல்லிப்பூ வைத்திருந்தார்கள். கொட்டகைக்காரன் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“அழுவீங்களா?” என்றான்.

“அழறேன்.”

அழுகிறவள் முதலில் இறந்தவரைத் தொட வேண்டும். ஷெபென் மேடையருகே மண்டியிட்டு மூட்டையின்மேல் கை வைத்தாள். தலை, கழுத்து, தோள். கையைக் கீழே இறக்கினாள். அங்கேயே நிறுத்தினாள்.

“ஜெதோர், நெருப்புல சிக்கின பூனை எப்படிச் செத்துக் கிடக்கும்?”

“பாவம், சுருண்டு கிடக்கும். ஏன் கேக்குறீங்க?”

“இது முன்னங்கால் ரெண்டையும் நெஞ்சோட சேத்து நேரா நீட்டி வச்சிருக்கு. பின்னங்கால மடிச்சு உக்காந்திருக்கு. சிலை மாதிரி.”

“நெருப்புக்குள்ள போயும் மரியாதையா உக்காந்திருக்கா!”

ஷெபென் மூட்டையின் முனையைப் பிடித்து அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“ஐயோ, என்ன செய்யிறீங்க!” என்று கொட்டகைக்காரன் அலறினான். அலறினாலும் முகத்தைத் திருப்பவில்லை. அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு நெஸ்மினைத் தேடி ஓடினான்.

நெஸ்மின் மூச்சு வாங்க வந்தபோது புதுத் துணி முழுக்கத் தரையில் கிடந்தது. மேடையில் கருகின ஒன்று இருந்தது. ஷெபெனின் விரல்கள் கரியாக இருந்தன.

“உனக்குப் பைத்தியமா? வெளியில தெரிஞ்சா உன்னையும் சேத்து...”

“சாமி, முதல்ல இதப் பாருங்க. முகத்தத் திருப்பாம பாருங்க. நீங்க போட்ட துணிக்குக் கீழ இன்னொரு துணி. கருகிப்போயிருக்கு. அதுக்குக் கீழ இன்னொண்ணு. குறுக்கும் நெடுக்குமாப் பின்னின மாதிரி சுத்தியிருக்கு. மோந்து பாருங்க. பிசின்.”

நெஸ்மின் குனிந்தார்.

“கடைசியா, இது.” ஷெபென் ஒரு விரல் நீளத்தில் எதையோ எடுத்து நீட்டினாள். பாதி கருகியிருந்தது. “கழுத்துக்குள்ள இருந்துச்சு. நாணல் குச்சி. தலை தொங்காம நிக்கிறதுக்கு வைக்கிறது. எந்தப் பூனை கழுத்துல குச்சியச் சொருகிக்கிட்டு நெருப்புக்குள்ள ஓடும்?”

நெஸ்மின் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“இது மியூ இல்ல சாமி. அம்மாவுக்கு வைக்க எல்லாரும் இங்க விலைக்கு வாங்குற பாடம் செஞ்ச பூனை. ரென்பெத் குழந்தை வேணும்னு திருவிழாவுக்காக மாடத்துல வச்சிருந்த காணிக்கை. உங்க கொட்டகையில பாடம் செஞ்ச பூனைக்குத்தான் உங்க ஆளுங்க ரெண்டாந்தடவ துணி சுத்தியிருக்காங்க.”

“புருவம் எடுத்தது?” என்றான் ஜெதோர். “ஒரு தெரு முழுக்க எடுத்திருக்கேனே!”

நெஸ்மின் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கழுத்தை ஒடித்தது யார், எதற்காகக் குச்சி வேண்டியிருக்கிறது என்று ஷெபென் கேட்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு முற்றம் உண்டு. அதில் எப்போதும் பூனைக் குட்டிகள் நிறைய இருக்கும். வளர்ந்த பூனைகள் அதிகம் இருக்காது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

“குச்சிய எங்கிட்டக் குடு,” என்றார் நெஸ்மின்.

“தர்றேன். நான் எதுவும் பேசப்போறதில்ல. ஒரு பேரச் சொல்லணும்னீங்களே. ரென்பெத்னு சொல்லுங்க. அவ வச்ச காணிக்கை திருவிழாவுக்கு முன்னாடியே அம்மாகிட்டப் போயிடுச்சுன்னு சொல்லுங்க. பொய்யில்லையே.”

“கூட்டம் நம்பணுமே. மியூ எங்கன்னு கேப்பாங்க.”

ஷெபென் ஜெதோரைப் பார்த்தாள்.

“பாக்காதீங்கக்கா, போறேன். மியூ இப்பத்தான குட்டி போட்டா. குட்டி போட்ட பூனை, சூடான இடம், கிட்ட மீன் வாசனை. இதத் துப்பறிய நான் போதும்.”

அவன் திரும்பி வந்தபோது உச்சிப் பூசைக்கு மணி கட்டிய கோலை ஆட்டத் தொடங்கியிருந்தார்கள். வாசலில் கூட்டம் எழுந்து நின்றிருந்தது. உட்கார்ந்திருந்த கற்கள் எல்லாம் இப்போது கைகளில் இருந்தன. ஜெதோர் அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்து வந்தான். முகத்தில் மூன்று கோடு ரத்தம். கையில் சவரக் கிண்ணம், அதற்குள் கண் திறக்காத இரண்டு குட்டிகள். அவன் காலைச் சுற்றி, அவனைத் திட்டிக்கொண்டே, வரி போட்ட மியூ வந்தது.

“வழி விடுங்க! என்ன மழிச்சது யாருன்னு கேக்குறீங்களா? இவதான்! கூலிகூட வாங்கல!”

ஒரு கல் தரையில் விழுந்தது. பிறகு நிறையக் கற்கள் விழுந்தன. ஒரு பெண் குலவை போட்டாள். உடனே தெருவே குலவை போட்டது. நெஸ்மின் படியில் நின்று காணிக்கையைப் பற்றிச் சொன்னார். பாதிப் பேர் காதில் அது விழவில்லை. மியூ ஒரு கிழவரின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“எங்க இருந்துச்சு?” என்று யாரோ கேட்டார்கள்.

“ரொட்டி சுடுறவன் மாடியில, அடுப்புக்கு மேல. தீ பிடிக்கிறதுக்கு முதல் நாளே குட்டிங்களத் தூக்கிட்டு வந்துட்டாளாம். அவன் பொண்டாட்டி மீன் தலை போட்டு வளத்துட்டு இருக்கா. இவ செத்துட்டான்னு அவளும் காலையில வந்து எங்கிட்டப் புருவம் எடுத்துட்டுப் போனா. தன் மாடியில இருக்கிறது வேற ஏதோ வரிப்பூனைன்னு நினைச்சிருக்கா.”

“அப்ப எங்க புருவம்?”

“வளரும். போன தடவையும் வளந்துச்சு.”

இப்போது சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, மியூவை நடுவில் வைத்துக்கொண்டு, தெருப்பக்கம் போனார்கள். வாசலில் கற்கள் மட்டும் மிச்சம். கோயில் வேலைக்காரன் ஒருவன் துடைப்பத்தோடு வந்து அவற்றை ஓரமாக ஒதுக்க ஆரம்பித்தான்.

கிடங்கின் படியில் அன்கோர் நின்றிருந்தான். யார் அவனை வெளியே வரச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. யாரும் சொல்லியிருக்கவில்லை என்றும் இருக்கலாம்.

“நீ போகலாம்,” என்றாள் ஷெபென். “உன் மேல ஒரு குத்தமும் இல்ல.”

“மியூ உள்ள போகவே இல்லையா?”

“இல்ல.”

“தீ பிடிச்சப்ப ரொட்டிக்காரர் மாடியில இருந்துச்சா?”

“ஆமா.”

“அப்ப நாங்க நின்னது?”

ஷெபென் விரல்களில் இருந்த கரியை ஆடையில் துடைத்தாள். ஜெதோர் முகத்தில் இருந்த ரத்தத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

மதிலோரமாக ஹர்சிஸ் வந்தான். கூட்டத்தோடு போகாமல் நின்றிருக்கிறான். காலில் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. ஷெபென் அவனிடம் தலையை மெல்ல அசைத்தாள். நெஸ்மினிடம் அவன் பெயரை அவள் சொல்லவில்லை. இனி யாருக்கும் அந்தப் பெயர் தேவையில்லை, அவன் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். அதுதான் அந்த அசைவுக்கு அர்த்தம். ஹர்சிஸுக்கும் அது புரிந்தது. புரிந்தும் அவன் படிக்குக் கீழே வந்து நின்றான்.

“உன் கைய விட்டது நான்தான்.”

அன்கோர் தலையாட்டினான். “நான் விட்டேன்னு நினைச்சேன்.”

“நீ விடல. நான்தான்.”

“எதுக்கு விட்ட?”

“உள்ள சத்தம் கேட்டுச்சு.”

“என்ன சத்தம்?”

ஷெபென் அவனைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

“உன்னக் கூப்பிட்டா. ரெண்டு தடவ. நான் வாசப்படி வரைக்கும்தான் போனேன். அதுக்கு மேல போகல. போயிருக்கலாம்.”

அன்கோர் தன் வலது கையைப் பார்த்தான். வேலைக்காரன் கற்களை ஒதுக்குகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

“எனக்குக் கேக்கல,” என்றான்.

“நெருப்பு சத்தம் அப்படி இருந்துச்சுய்யா. எனக்கே...”

“இல்ல. நான் பூனை வருதான்னு பாத்துட்டு இருந்தேன்.”

அவன் படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டான். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாதவன் போல இரண்டு பக்கமும் பார்த்தான். கடைசியில் ஹர்சிஸைப் பார்த்தான்.

“சாம்பல்ல காவல் எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க.”

“அவ எந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டா? எங்க தோண்டணும்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“வா, காட்டு,” என்றான் அன்கோர்.